'பால்' என்ற ஆங்கிலச் சொல் ரொமானியிலிருந்து வந்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பெரியவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, நண்பனைக் குறிக்கும் 'பால்' என்ற ஆங்கிலச் சொல் ரொமானி மக்களிடமிருந்து வந்தது, அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது என்று சொன்னேன். அன்றிலிருந்து ஒவ்வொரு புதிய வகுப்பிலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. பாதி பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, முழுப் பதிலையும் இங்கே வைக்கிறேன்.

மேற்கோள் குறிக்குள் 'பால்' என்று வந்தால் அது ஆங்கிலச் சொல். பேபால் என்ற பெயரின் கடைசியில் வருவதும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லில் வரும் உயிரொலியோடு அதைச் சொல்ல வேண்டும்.

சார், 'பால்'னா ஃப்ரெண்டுதானே? அப்புறம் எதுக்குத் தனியா ஒரு சொல்?

ஃப்ரெண்ட் எந்த இடத்துக்கும் பொருந்தும். கடிதத்தில், மேடையில், நீதிமன்றத்தில்கூடச் சொல்லலாம். 'பால்' பேச்சுமொழிச் சொல். கூட்டாளி, சேக்காளி என்று நாம் சொல்கிறோமே, அந்த நெருக்கம் அதில் உண்டு. ஸ்காட்லாந்தில் முன்பின் தெரியாதவரைக்கூட அப்படிக் கூப்பிடுவார்கள். குரல் கொஞ்சம் மாறினால் அதுவே மிரட்டலாகவும் ஆகிவிடும். 'இங்க பாரு தம்பி' என்பதை எந்தக் குரலில் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து நம்மிடமும் பொருள் மாறுகிறதல்லவா, அதே மாதிரி.

ரொமானின்னா ருமேனியா நாட்டு மொழியா?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லா வகுப்பிலும் வருகிறது. ருமேனியா என்ற பெயர் ரோமானியப் பேரரசோடு தொடர்புடையது. அந்த நாட்டு மொழியும் லத்தீனின் பிள்ளை. ரொமானி என்ற பெயர் 'ரோம்' என்ற சொல்லிலிருந்து வருகிறது. அந்த மக்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் பெயர் அது, பன்மையில் 'ரோமா'. இது பழைய இந்தியச் சொல்லான 'டோம்ப' என்பதிலிருந்து வந்தது என்று பெரும்பாலான மொழியறிஞர்கள் கருதுகிறார்கள்.

ரொமானி ஓர் இந்தோ-ஆரிய மொழி. இந்தி, பஞ்சாபி, மராத்திக்கு உறவு. அதைப் பேசுகிறவர்களின் முன்னோர் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவை விட்டுக் கிளம்பி, பாரசீகம், ஆர்மீனியா, கிரேக்க மொழி பேசிய பைசாந்தியப் பேரரசு வழியாக ஐரோப்பாவுக்குப் போனார்கள். ருமேனியாவில் ரோமா மக்கள் நிறையவே வாழ்கிறார்கள். அந்த மண்ணில் அவர்கள் பல நூற்றாண்டுகள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தார்கள். 1850களில்தான் அந்த அடிமைமுறை முழுதாக ஒழிந்தது.

ஜிப்சின்னு சொல்றாங்களே, அவங்கதானா இவங்க?

ஆமாம், ஆனால் அந்தப் பெயர் ஒரு தவறிலிருந்து பிறந்தது. இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர்கள் நம்பினார்கள். ஆங்கிலத்தில் எகிப்தியன் என்ற சொல் தேய்ந்து ஜிப்சி ஆனது. இங்கிலாந்தில் சிலர் அந்தப் பெயரைத் தாங்களே ஏற்றுச் சொல்கிறார்கள். மற்ற நாடுகளில் பலருக்கு அது வசைச்சொல். நான் ரோமா, ரொமானி என்றே சொல்கிறேன். வகுப்பிலும் அப்படியே சொல்லச் சொல்கிறேன்.

ரொமானியில அந்தச் சொல் எப்படி இருக்கு?

'ப்ரல்'. பொருள் சகோதரன். முதலில் வரும் ப் மூச்சுக்காற்றோடு வருவது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு தமிழில் 'பல்' என்று சொல்லிப் பாருங்கள், கையில் காற்று படாது. அப்புறம் தீக்குச்சியை ஊதி அணைக்கிற மாதிரி ப்-க்குப் பின்னால் மூச்சை விட்டுச் சொல்லுங்கள், காற்று படும். அந்த ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததால் வெறும் ப் என்றே எழுதுகிறேன்.

நம்மைப் போல அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு ஒரு சொல் கிடையாது. மூத்தவன் 'பாரோ ப்ரல்', பெரிய சகோதரன். சகோதரி 'ப்பென்'. சகோதரத்துவம் என்பதற்கு 'ப்ரலிபே'. வட மாசிடோனியாவின் ஸ்கோப்ஜே நகரில் ரஹீம் புர்ஹான் தொடங்கிய ரொமானி மொழி நாடகக்குழுவின் பெயரும் ப்ரலிபேதான். 1990களில் அந்தக் குழு ஜெர்மனியில் தங்கி நாடகம் போட்டது.

இது சமஸ்கிருத 'ப்ராதா'விலிருந்து வந்ததுன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க? கேட்க ஒரே மாதிரி இருந்தா போதுமா?

போதாது. கேட்க ஒரே மாதிரி இருப்பதை வைத்து உறவு கொண்டாடினால் எந்த மொழியையும் எந்த மொழியோடும் சேர்த்துவிடலாம். ஒலி மாறியிருந்தால், அதே மாற்றம் வேறு பல சொற்களிலும் ஒரே ஒழுங்கில் நடந்திருக்க வேண்டும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கடைசி எழுத்து. ப்ராதாவில் உள்ள த எப்படி ல ஆகும் என்று கேட்கலாம். தமிழுக்கும் வந்து சேர்ந்த சில வடசொற்களை வைத்தே காட்டுகிறேன். கிரிக்கெட்டில் சொல்கிறோமே சதம், நூறு. அது ரொமானியில் 'ஷெல்'. சீதம், குளிர்ச்சி; ரொமானியில் 'ஷில்'. யுவதி, ரொமானியில் 'ஜுவெல்', பெண். மூன்றிலும் உயிர்களுக்கு நடுவே நின்ற த, ல ஆகியிருக்கிறது. ப்ராதா ப்ரல் ஆனதும் இதே வரிசையில்தான். இந்த ஒழுங்கு மட்டும் தெரிந்தால் போதும், ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்து முதல் எழுத்து. சமஸ்கிருதத்தில் அது மூச்சோடு வரும், தொண்டை அதிரும் ஒலி. ரொமானியில் மூச்சு தங்கிவிட்டது, அதிர்வு போய்விட்டது. பூமி அங்கே 'ப்புவ்'. புகை என்ற பொருளுள்ள தூமம் 'த்துவ்'. எல்லாவற்றிலும் ஒரே மாற்றம். தமிழ் எழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது, காதுக்குத்தான் தெரியும். இப்படி ரொமானியை இந்திய மொழிகளோடு ஒப்பிட்டு முதலில் அச்சிட்டவர்களில் ஒருவர் ஜெர்மானியரான ரூடிகர். அவர் கட்டுரை 1782இல் வெளிவந்தது. ஒரு ரொமானிப் பெண்ணிடம் வாக்கியங்களைச் சொல்லிக் கேட்டு, அவள் சொன்னதை இந்துஸ்தானி இலக்கண நூலோடு வைத்துப் பார்த்திருக்கிறார்.

அப்போ இந்தி 'பாய்'யும் இதுவும் ஒண்ணுதானா?

ஒரே வேரின் இரண்டு கிளைகள். இந்தி 'பாய்' நடுவில் இருந்த ர-வைத் தொலைத்துவிட்டது, ரொமானி காப்பாற்றி வைத்திருக்கிறது. மூன்று என்ற எண்ணும் இந்தியில் 'தீன்', ரொமானியில் 'த்ரின்'. திராட்சை ரொமானியில் 'த்ராக்'. ப்ர, த்ர போன்ற கூட்டொலிகளை அந்த மொழி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பஞ்சாபியிலும் சகோதரனுக்கு ர உள்ள 'ப்ரா'தான் இன்றும் வழக்கு.

இதையும், வேறு பல ஒலி, இலக்கணச் சான்றுகளையும் எடுத்துக்கொண்டு மொழியறிஞர் ரால்ஃப் டர்னர் 1926இல் ஒரு முடிவுக்கு வந்தார். ரொமானியின் முன்னோர் முதலில் வட இந்தியாவின் நடுப்பகுதி மொழிகளோடு இருந்தவர்கள், அப்புறம் வடமேற்குக்கு நகர்ந்து அங்கே சில காலம் இருந்துவிட்டு வெளியேறியவர்கள் என்றார். ஊர்விட்டு ஊர் போன கதையை எழுதி வைக்க அவர்களுக்கு ஏடு இல்லை. அவர்கள் பேச்சில் மிஞ்சிய ஒலிகள்தான் அதைச் சொல்கின்றன. ரொமானியில் ஏழு, எட்டு, ஒன்பதுக்குக் கிரேக்கச் சொற்கள் இருப்பதும், சாலைக்கு 'த்ரோம்' என்ற கிரேக்கச் சொல் இருப்பதும் அந்த வழித்தடம்தான்.

சரி, இங்கிலாந்துக்கு எப்படிப் போச்சு?

மனிதர்களோடு போனது. 1400களின் தொடக்கத்தில் ஜெர்மன் பகுதிகளில் ரோமா குழுக்கள் தென்படுகின்றன. 1505இல் ஸ்காட்லாந்து அரசரின் கருவூலக் கணக்கில் 'எகிப்தியருக்கு'ப் பணம் கொடுத்த குறிப்பு இருக்கிறது. கொஞ்ச காலத்தில் இங்கிலாந்திலும் இருந்தார்கள். 1547 வாக்கில் ஆண்ட்ரூ போர்ட் என்ற மருத்துவர் தன் புத்தகத்தில் சில ரொமானி வாக்கியங்களை அச்சிட்டார். எகிப்து மொழி என்று நினைத்துத்தான் எழுதினார். காலை வணக்கம், அடுத்த ஊர் எவ்வளவு தூரம், உட்கார்ந்து குடி, பெண்ணே எனக்கு ரொட்டியும் மதுவும் கொடு, ஆப்பிளும் பேரிக்காயும் கொடு, இரவு வணக்கம். இப்படிப் போகிறது பட்டியல். படிக்கும்போது ஒரு சாராயக்கடை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து கேட்டு எழுதிய மாதிரி இருக்கிறது. சகோதரன் என்ற சொல் அதில் வரவில்லை.

அதே காலத்துச் சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1530இல் 'எகிப்தியர்' நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம். 1554இல் ஒரு மாதத்துக்கு மேல் தங்கினால் மரண தண்டனை. 1562இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: அவர்களோடு சேர்ந்து திரிகிறவர்களுக்கும், அவர்களைப் போல உடுத்திப் பேசி நடிக்கிறவர்களுக்கும் அதே தண்டனை. மரண தண்டனைச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கியது 1783இல்தான். அவர்களைப் போலப் பேசினாலே உயிர் போகலாம் என்றிருந்த நாட்டில்தான், அவர்கள் ஒருவரையொருவர் அன்போடு அழைத்த சொல் உள்ளூர்க்காரர் நாவிலும் ஏறியிருக்கிறது. சந்தையில், குதிரை வியாபாரத்தில், அறுவடைக் கூலி வேலையில், சத்திரத்துத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஏழைகள் சட்டத்தைப் பார்த்து உறவு வைக்கவில்லை. அரசாங்கம் சொன்னது ஒன்று, ஜனங்கள் பழகியது வேறு. இந்தச் சொல்லே அதற்குச் சாட்சி.

ஆங்கிலத்துல முதல்முதலா எப்போ எழுதியிருக்காங்க?

1680களின் தொடக்கத்தில். இங்கிலாந்தின் ஹெரெஃபர்டு மறைமாவட்டத்து ஆவணம் ஒன்றில் வருகிறது. ஒருவர் கேட்கிறார், நாள் முழுக்க எங்கே போயிருந்தாய், 'பால்'? மற்றவர் திருப்பிக் கேட்கிறார், நான் என்ன செய்யணும் என்கிறாய், 'பால்'? சொல்லின் கடைசியில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கிறது, மற்றபடி இன்றைக்கு எழுதுவது போலத்தான். அதுவும் விளியாக வருகிறது பாருங்கள். வேற்றுமொழிச் சொற்களை நாம் முதலில் பிடித்துக்கொள்வது ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடும்போதுதான்.

ப்ரல்லில் ர இருந்துச்சே, 'பால்'ல எங்கே போச்சு?

ரொமானியிலேயே போய்விட்டது, ஆங்கிலேயர் தொலைக்கவில்லை. ரொமானியில் பல வட்டார வழக்குகள். ப்ரல், ப்லல் என்றெல்லாம் வெவ்வேறு இடங்களில் சொல்கிறார்கள். ர-வும் ல-வும் இவ்வளவு சின்னச் சொல்லில் அடுத்தடுத்து வந்தால் நாக்கு ஒன்றை மாற்றும், அல்லது விட்டுவிடும். பிரிட்டன் ரொமானியில் ர உள்ள வடிவமும் இருந்தது, 'பால்' என்ற வடிவமும் இருந்தது. ஆங்கிலத்துக்குள் வந்தது பின்னது.

திருடர்கள் பாஷையில இருந்து வந்த சொல்னு எங்கேயோ படிச்சேனே?

நடுவில் அந்தப் பக்கமும் போய் வந்தது. ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதியான ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ், குற்றவாளிகள் பேசும் மறைமொழிக்கு 1812இல் ஒரு சொற்பட்டியல் தொகுத்தார். அதில் இந்தச் சொல்லுக்குக் கூட்டாளி, துணைவன், குற்றத்தில் உடந்தை என்று பொருள் தந்திருக்கிறார். ஆனால் மேலே சொன்ன 1680களின் ஆவணத்தில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். திருட்டுத் தொழிலால்தான் இந்தச் சொல் பிறந்தது என்று சொல்வது ரொமானி மக்கள் மேல் பழைய பழியை மறுபடி போடுவது. அவர்கள் வீட்டில் இது உடன்பிறந்தவனைக் குறிக்கும் சொல், அவ்வளவுதான்.

பேபால், பென்பால், அப்புறம் பழைய டிவியில போடுவாங்களே பால்னு, எல்லாம் ஒண்ணா?

முதல் இரண்டும் இந்தச் சொல்தான். பேனா நண்பர் என்று நம் பத்திரிகைகள் ஒரு காலத்தில் முகவரியோடு பக்கம் பக்கமாகப் போட்டன. அதன் ஆங்கில வடிவங்களில் ஒன்று பென்பால். பேபால் 1990களின் கடைசியில் வந்தது. பணம் கொடுக்க உதவும் நண்பன் என்று பொருள் வருகிற மாதிரி வைத்த பெயர்.

தொலைக்காட்சியில் பார்த்தது வேறு. அது ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தின் வால்டர் ப்ரூக் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய வண்ண ஒளிபரப்பு முறையின் முதலெழுத்துச் சுருக்கம். தூர்தர்ஷன் அந்த முறையைப் பின்பற்றியதால் நம் வீட்டுப் பெட்டிகளில் அதைப் பார்த்தோம். எழுத்து ஒன்று, சொல் வேறு.

பாலன், கோபால், இதுல எல்லாம் பால் வருதே. அங்கேயிருந்து வந்திருக்கக் கூடாதா?

கூடாது. கோபாலில் வருவது காப்பவன் என்ற பொருளுள்ள 'பால'. பாலன் என்றால் சிறுவன். இரண்டிலும் ர எப்போதுமே இருந்ததில்லை. நம் சொல்லின் பழைய வடிவத்தில் ர இருக்கிறது, ரொமானி வழக்குகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. பொருளும் எல்லா இடத்திலும் சகோதரன். கேட்க ஒரே மாதிரி இருப்பது போதாது என்று முன்பே சொன்னேனே, அது இதற்கும்தான்.

இப்போ பசங்க 'ப்ரோ'ன்னு கூப்பிடறாங்களே, அதுக்கும் 'பால்'க்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்திலேயே எனக்கு அதிகம் ஆச்சரியம் தருவது இந்தக் கேள்விதான். ப்ரோ என்பது ப்ரதர் என்பதன் சுருக்கம். ப்ரதர் என்ற ஆங்கிலச் சொல்லும் ப்ராதா என்ற சமஸ்கிருதச் சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தின் பிள்ளைகள். ஒரு பிள்ளை ஜெர்மானிய மொழிகள் வழியாக வடக்கே போய் இங்கிலாந்தில் ப்ரதர் ஆனது. இன்னொரு பிள்ளை இந்தியாவுக்கு வந்து, ப்ரல் ஆகி, பாரசீகமும் கிரேக்கமும் சுற்றிக்கொண்டு இங்கிலாந்து போய் 'பால்' ஆனது. பிரிந்து பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து இரண்டும் ஒரே தெருவில் சந்தித்தன, ஒரே வேலைக்கு.

உறவைக் குறிக்கும் சொல் தோழனுக்கு ஆவது நமக்குப் புதிதில்லை. மச்சான் மச்சி ஆனதைத்தான் தினமும் கேட்கிறோமே.

நம்ம ஊர் நரிக்குறவங்களையும் ஜிப்சின்னு பேப்பர்ல எழுதறாங்க. அவங்க பேசறது ரொமானியா?

இல்லை. நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி, ராஜஸ்தானி மொழிகளின் பக்கத்தைச் சேர்ந்தது. அதுவும் இந்தோ-ஆரிய மொழிதான் என்பதால் தூரத்து உறவு உண்டு. ஆனால் ஐரோப்பா போனவர்களும் தமிழ்நாடு வந்தவர்களும் ஒரே கூட்டம் என்று சொல்ல அது போதாது. இலங்கையில் ஊர் ஊராகப் போகும் அஹிகுண்டகர்களையும் ஆங்கிலத்தில் ஜிப்சி என்கிறார்கள். அவர்கள் தாய்மொழி தெலுங்கு. இடம் மாறி வாழ்ந்த எல்லோர் மேலும் அந்த ஒரே பெயரை ஒட்டிவிட்டார்கள். அவரவர் மொழியைக் கேட்டால்தான் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது தெரியும்.

இதே மாதிரி வேற சொல்லும் போயிருக்கா? லாலிபாப் கூட ரொமானின்னு சொல்றாங்களே?

லாலிபாப் கதை எனக்கு ஒப்பவில்லை. சிவப்பு ஆப்பிள் என்பதற்கான ரொமானிச் சொற்கள் அதைப் போல ஒலிக்கின்றன என்பதுதான் அதற்கு ஆதாரம். ஆனால் நாக்கு என்ற பொருளில் 'லாலி' வட இங்கிலாந்துப் பேச்சிலேயே இருந்தது. மிட்டாய்க்கு அது போதும்.

உறுதியானவை வேறு இருக்கின்றன. ஸ்வீடனில் பெண்ணை எல்லோரும் பேச்சில் 'ஷெய்' என்கிறார்கள். அது மகள், சிறுமி என்ற பொருளுள்ள ரொமானி 'ச்செய்'. ஹங்கேரியிலும் பேச்சு வழக்கில் பெண்ணுக்கு 'சொய்', அதே மூலம். ஸ்பெயினில் பையனுக்கு 'சவால்' என்பார்கள், ரொமானி 'ச்சாவோ'வின் வழி. அண்ணன், பெண், பையன் என்று வீட்டு வாசலில் கூப்பிடும் சொற்களாகவே போயிருப்பதைக் கவனியுங்கள்.

ரொமானி பேசறவங்க இன்னும் இந்தச் சொல்லைச் சொல்றாங்களா, இல்லை மறந்துட்டாங்களா?

சொல்கிறார்கள். இங்கிலாந்தில் பழைய ரொமானி இலக்கணம் போய்விட்டது. அங்குள்ள ரொமானிச்சல் மக்கள் ஆங்கில வாக்கியத்துக்குள் ரொமானிச் சொற்களை வைத்துப் பேசுகிறார்கள், அதில் 'பால்' இன்றும் சகோதரன். கிழக்கு ஐரோப்பாவில் மொழி முழுதாகவே உயிரோடு இருக்கிறது. ஸ்கோப்ஜே நகரின் ஷுதோ ஒரிஸாரி பகுதியில் ரொமானி அலுவல் மொழியும்கூட.

அங்கே ஒருவரைக் கூப்பிடும்போது ப்ரல் என்று விட மாட்டார்கள். கடைசியில் ஓர் ஆ சேரும், 'ப்ரலா!' தம்பி என்பதை நாம் தூரத்திலிருந்து கூப்பிடும்போது தம்பீ என்று நீட்டுகிறோமே, அந்த இடம்தான்.